தீதியைப் பார்க்கப் போன டூர்

ஐரோப்பா போய் வந்ததைப் பற்றி யாராவது கேட்டால் என் கணவர்தான் பதில் சொல்வார். இரும்புக் கோபுரம், பனிமலை, கண்ணாடி போட்ட படகு என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டு, கேட்டவரின் முழங்கால் வலியைப் பற்றியோ மகளின் கல்யாணத்தைப் பற்றியோ விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். நான் டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். கோபுரத்தையும் மலையையும் பார்க்க நாங்கள் போகவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

நாங்கள் போனது தீதியைப் பார்க்க.

கல்கத்தாவில், பெஹாலாவில் எங்கள் வீட்டுக்கும் தீதியின் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து இறங்கியபோது எனக்கு வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது. கணவருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பக்கத்து வீட்டுத் தீதி கதவைத் தட்டி, கையிலிருந்த பையைக் காட்டி, என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார். மீன்கடை வரிசை வந்ததும் நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துவதைப் பார்த்தார். மறுநாளிலிருந்து சந்தையைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனார். மீன் இல்லாமல் ஒருவேளைகூடச் சாப்பிடாத பெண்மணி அவர். அதன் பிறகு எத்தனையோ வருஷங்கள், நான் கூட இருந்தால் பின்வாசல்தான்.

அவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், அதனால் இந்த ஊர் வழக்கப்படி தீதி, அதாவது அக்கா. கண்டிப்பான டீச்சர் என்று பெயர். தெருவில் நடந்தால் பையன்கள் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பார்கள். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலை மாற்றி, எங்கள் வீட்டுச் சிவப்புத் தரையில் ஒரு தலையணையைப் போட்டுப் படுத்துவிட்டால் அவர் வேறு ஆள். மின்விசிறிக்குக் கீழே நானும் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். ஹெட்மிஸ்ட்ரஸ் போல நடித்துக் காட்டுவார். என் வங்காளத்தைத் திருத்துவார். சில நாள் ஒன்றுமே பேசாமல் இரண்டு பேரும் தூங்கிவிடுவோம். உலகத்தில் எந்த நதி எங்கே கடலில் சேர்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அவர் நேரில் போயிருந்ததோ பூரிக்கும் டார்ஜிலிங்குக்கும்தான். அதைச் சொல்லி அவரே சிரிப்பார்.

எங்களுக்கு ஒரே பையன், அவருக்கு ஒரே பெண். இரண்டும் இரண்டு வீட்டிலும் வளர்ந்தன. பையன் இப்போது நியூ டவுனில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். பெண் சுவிட்சர்லாந்தில் படித்து, அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு இருந்துவிட்டாள். தீதியின் கணவர் இறந்த பிறகு, அம்மா தனியாக இருக்கக் கூடாது என்று சொல்லிக் கூட்டிப்போய்விட்டாள். தீதி போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, வாரத்துக்கு ஒருமுறை ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்னார். ஒரு வருஷத்தில் வந்துவிடுவேன் என்றார்.

வரவில்லை. அங்கே போன பிறகுதான் சிறுநீரகம் கெட்டுப்போயிருப்பது தெரியவந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். விமானத்தில் அவ்வளவு தூரம் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் எங்கள் மத்தியான வேளையில் போன் செய்வார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். அந்த ஊரில் சத்தமே இல்லை என்பதுதான் அவருடைய பெரிய குறை. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்றே தெரியவில்லை என்பார். "போனை ஜன்னல்கிட்ட பிடி" என்று சொல்வார். நான் பிடிப்பேன். ரிக்‌ஷா ஹாரன், பழைய பேப்பர்காரர் குரல், எதிர்வீட்டு மருமகள் குழந்தையைத் திட்டுவது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போதும், வெச்சுடு" என்பார்.

ஒருநாள் அப்படிக் கேட்டு முடித்த பிறகு போனை வைக்கவில்லை. நாங்கள் பேசியது எப்போதும் வங்காளத்தில்தான். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"ஒரு தடவை வந்துட்டுப் போயேன். முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

எதையும் கேட்டு வாங்குகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அதனால் அன்று ராத்திரியே கணவரிடம் சொன்னேன். அவர் உடனே பாஸ்போர்ட் எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று பையனுக்குப் போன் போட்டார்.

தனியாகப் போக எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை. விமானத்தில் ஏறியதே சென்னைக்குத்தான். நடுவில் ஒரு தேசத்தில் இறங்கி வேறு விமானம் எப்படிப் பிடிப்பது என்று கணவர் பையனிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். தீதியின் பெண் வந்து தங்கச் சொன்னாள்தான். ஆனால் அது சின்ன ஃபிளாட். அவளுக்கு ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று ஓட்டம். நோயாளி இருக்கிற வீட்டில் இரண்டு பேர் போய் உட்கார்ந்து அவளைச் சமைக்க வைப்பது எப்படி என்று எங்களுக்கும் தயக்கம். பையன்தான் குரூப் டூர் என்று வழி சொன்னான். விசாவிலிருந்து சாப்பாடு வரைக்கும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நம்ம ஊர்க்காரர்களோடு போய் வரலாம், நடுவில் தீதியையும் பார்த்துவிடலாம் என்றான்.

டாலிகஞ்ச் மெட்ரோவுக்குப் பக்கத்தில் அந்த டூர் ஆபீஸ். அங்கே இருந்த பெண்ணிடம் நான் முதலிலேயே விஷயத்தைச் சொன்னேன். எனக்கு வேண்டியது லூசெர்ன் என்ற ஒரே ஊர்தான், அங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரத்தில் என் தீதி இருக்கிறார் என்றேன். அவள் வழவழப்பான தாளில் அச்சடித்த பயணத் திட்டத்தை விரித்து, லூசெர்னில் ஒரு மத்தியானம் முழுவதும் ஓய்வு நேரம் என்று போட்டிருந்ததைக் காட்டினாள்.

"அரை நாள் உங்க கையில காகிமா. எங்க வேணா போகலாம், யாரை வேணா பார்க்கலாம். கவலையே படாதீங்க."

இந்த ஊரில் சித்தி முறை வைத்து எல்லோரையும் காகிமா என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே நம்பிக்கை வந்துவிடும்.

புறப்படும்வரைக்கும் வீட்டில் ஒரே அமர்க்களம். காசுந்தி என்று இங்கே கடுகை அரைத்துப் புளிக்கவைத்து ஒரு தொக்கு செய்வார்கள். அது தீதிக்கு உயிர். வழியில் சிந்திவிடாமல் பாட்டிலுக்கு மேல் மூன்று உறை போட்டேன். பருப்பு வடகம், தேங்காய் உருண்டை, வாசனை எலுமிச்சை நாலு. எல்லாம் ஒரு துணிப்பையில். போனில் தீதியின் குரலே மாறிப்போயிருந்தது. நாங்கள் லூசெர்ன் வருகிற நாள் டயாலிசிஸ் இல்லாத நாள்தானா என்று பெண் சரிபார்த்துவிட்டாள். லூசெர்ன் ஏரிக்கரையில், பழைய மரப்பாலம் தொடங்குகிற இடத்தில் மத்தியானம் தீதி காத்திருப்பதாக ஏற்பாடு.

கூட வந்தவர்களைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ஏறக்குறைய எல்லோரும் கல்கத்தாக்காரர்கள். ரிட்டையரான பேங்க் ஆபீசர்கள், டாக்டர் தம்பதி, அக்கா தங்கையாக நாலு பேர். கூடவே ஒரு சமையல்காரரும் வந்தார். பாரிஸில் ஒரு ஓட்டலின் பின்கட்டில் அவர் சோறும் பருப்பும் வடித்து இறக்கும்போது எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். நான் சைவம் என்பதால் எனக்கென்று தனியாக உருளைக்கிழங்கில் கசகசா அரைத்துப் போட்டுத் தந்தார். டூர் மேனேஜர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். அந்தக் குடை நின்றால் நாங்கள் நிற்போம். நகர்ந்தால் நகர்வோம்.

ஆனால் குடை நிற்பதே இல்லை. விடியும் முன் பெட்டியை அறை வாசலில் வைத்துவிட வேண்டும். பஸ்ஸில் ஏறினால், மைக்கில் இடது பக்கம் பாருங்கள் என்பார். பார்ப்பதற்குள் வலது பக்கம் ஏதோ வந்திருக்கும். ஓரிடத்தில் நதிக்கரைப் படியில் ஒரு கிழவர் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நானும் அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்கார ஆசைப்பட்டேன். உட்காருவதற்கு அந்தப் பயணத்தில் பஸ் சீட்டைத் தவிர வேறு இடமே கிடையாது.

என் கணவருக்கு முழங்கால் மடங்காது. பாரிஸில் ஒரு அரண்மனையைச் சுற்றிவிட்டுக் கழிவறையைத் தேடிப் போனவர் திரும்பி வரத் தாமதமாகிவிட்டது. நாங்கள் பஸ்ஸில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து சிலர் கை தட்டினார்கள். விளையாட்டுக்குத்தான். தாமதமாக வருகிற எல்லோருக்கும் தட்டுவார்களாம். துறைமுகத்தில் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தாமதமாகப் போகாத மனுஷர். சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். அடுத்த நாளிலிருந்து காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

அன்று மாலை போனில் தீதியிடம் இதைச் சொன்னேன். "கை தட்டினாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

சுவிட்சர்லாந்து வந்து சேர்ந்தோம். ஓட்டல் லூசெர்னில் என்று திட்டத்தில் இருந்தது. வந்து இறங்கிய இடம் ஒரு நெடுஞ்சாலை ஓரம். சுற்றிலும் புல்வெளி, ஒரு பெட்ரோல் பங்க். லூசெர்ன் எங்கே என்று கேட்டதற்கு, பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்றார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மேனேஜர் எழுந்து அறிவித்தார். நாளை மறுநாள் மலையில் வானிலை சரியில்லை, அதனால் பனிமலையை நாளைக்கே வைத்துக்கொள்கிறோம், மலையிலிருந்து திரும்பும் வழியில் லூசெர்ன். எல்லோரும் மலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள்.

நான் அவரிடம் போய் நின்றேன். எனக்கு மலை வேண்டாம், காலையிலேயே நாங்கள் இரண்டு பேரும் ரயிலிலோ டாக்சியிலோ லூசெர்ன் போய்விடுகிறோம், சாயங்காலம் அங்கேயே பஸ்ஸில் ஏறிக்கொள்கிறோம் என்றேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் முடியாது என்று தலையை ஆட்டினார். குரூப்பை விட்டு யாரையும் தனியே அனுப்ப அவருக்கு அனுமதி இல்லையாம். வழியில் ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கிடையாது. பாஸ்போர்ட்டெல்லாம் அவரிடம் இருந்தன. ஆபீஸில் அந்தப் பெண் அரை நாள் என்று சொன்னாளே என்றேன்.

"அது ஆபீஸ்ல இருக்கறவங்க சொல்றது காகிமா. ரோட்டுல நிக்கறது நான். நாளைக்கு உங்களை அங்க ரெண்டு மணி நேரமாவது விடறேன். நான் பொறுப்பு."

அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தீதியின் பெண்ணுக்குப் போன் செய்து, மத்தியானம் என்பது சாயங்காலமாகலாம் என்று சொன்னேன். பரவாயில்லை, அம்மா எப்படியும் சீக்கிரமே கிளம்பிவிடுவாள், நான் சொன்னால் கேட்க மாட்டாள் என்றாள்.

மலைக்கு மேலே கம்பியில் தொங்குகிற வண்டியில் போக வேண்டும். அதற்கு நீண்ட வரிசை. மேலே போனதும் எல்லோரும் குழந்தைகள் மாதிரி பனியை அள்ளி எறிந்து விளையாடினார்கள். நானும் கணவரும் உள்ளே ஒரு கண்ணாடிக் கதவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். இறங்குவதற்கும் வரிசை. அக்கா தங்கைகள் நாலு பேரில் இரண்டு பேரைக் காணவில்லை. தேடி, கண்டுபிடித்து, பஸ் கிளம்பியது. கிளம்பிய பஸ் ஒரு கைக்கடிகாரக் கடை வாசலில் நின்றது. இது திட்டத்தில் உள்ளது, தவிர்க்க முடியாது என்றார் மேனேஜர். கடைக்காரருக்கும் டூர் கம்பெனிக்கும் என்ன ஏற்பாடோ தெரியாது. நான் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. ஜன்னல் வழியாக, கடைக்குள் நம்ம ஜனங்கள் கடிகாரத்தைக் கையில் கட்டிப் பார்த்துச் சிரிப்பது தெரிந்தது. இங்கிருந்து அந்த ஏரி எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நடந்தே போயிருப்பேன்.

லூசெர்னுக்குள் நுழையும்போது மேனேஜர் மைக்கை எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. டிரைவர் ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் ஓட்டலாம் என்று இங்கே சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் ஓட்டினால் அவர் உரிமம் போய்விடும், அதனால் ஏரிக்கரையில் கால் மணி நேரம் மட்டும், போட்டோ எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிட வேண்டும் என்றார். சொல்லி முடிக்கும்வரை என் பக்கம் பார்க்கவில்லை.

கதவு திறந்ததும் நான் ஓடினேன். சேலையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு, ஜனங்களை இடித்துக்கொண்டு ஓடினேன். துணிப்பையை மேல்தட்டிலேயே விட்டுவிட்டேன். கணவர் பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தார்.

பாலத்துக்கு முன்னால் ஒரு மரத்தடியில் சக்கர நாற்காலி. அதில் நீலப் போர்வை. அதற்குள் அவ்வளவு சின்ன ஆளாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் பெண் நின்றிருக்காவிட்டால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. கனமான கோட்டுக்குக் கீழே கரை போட்ட கைத்தறிச் சேலை கட்டியிருந்தார்.

"ஏன் இப்படி ஓடி வர்றே? கீழ விழுந்து வெக்கப் போறே," என்றார். அதுதான் முதல் வார்த்தை. அடுத்தது, "சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். அவர் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துத் தன் இடது முன்கை மேல் வைத்தார். அங்கே தோல் புடைத்து முண்டு முண்டாக இருந்தது. உள்ளே ஏதோ விடாமல் கிறுகிறுவென்று ஓடுகிற மாதிரி அதிர்ந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை.

"பயப்படாதே. டயாலிசிஸுக்காக நரம்பைச் சேர்த்துத் தெச்சிருக்காங்க. என் ரத்தம்தான் ஓடுது. தொட்டுப் பாரு, எவ்வளவு வேகம்."

தொட்டுக்கொண்டே இருந்தேன். என்னென்னவோ பேச நினைத்து வந்திருந்தேன். வாயில் வந்ததெல்லாம், எதிர்வீட்டில் லிஃப்ட் வைத்துவிட்டார்கள், குழாயில் இப்போது ஒருவேளைதான் தண்ணீர், உங்கள் வீட்டு ஜன்னல் ஒன்று மழையில் ஊறி மூட மாட்டேன் என்கிறது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, ம், ம் என்று கேட்டார். நடுவில் எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு அம்மாள் தோளைத் தொட்டு, ஏரி தெரிகிற மாதிரி தங்களை ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லி என் கையில் போனைத் திணித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் எழுந்து நின்று எடுத்துக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் ஆறவில்லை. இருந்த கொஞ்ச நேரத்தில் அதற்கும் ஒரு பங்கு போயிற்று.

என் கணவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கையில் துணிப்பை. அதை இறக்கி எடுத்துவரத்தான் அவருக்கு அவ்வளவு நேரம். தீதி பையைத் திறந்து, காசுந்தி பாட்டிலைத் தடவிப் பார்த்து, ஒரு எலுமிச்சையை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெஞ்சுக்குப் போய் உட்காரலாம், என்னைத் தள்ளிக்கொண்டு வா என்றார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தேன். அதற்குள் மஞ்சள் குடை பக்கத்தில் வந்து நின்றது.

தீதி நிமிர்ந்து பார்த்தார். பள்ளிக்கூடத்துக் குரல் எங்கிருந்தோ வந்தது.

"நீதான் மேனேஜரா? இவ அந்த மலையைப் பார்க்க வரல. என்னைப் பார்க்க வந்தா. தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாஷிமா," என்றார் அவர். பெரியம்மா என்கிற முறையில் அப்படிக் கூப்பிட்டார். "இன்னும் அஞ்சு நிமிஷம் போனா டிரைவர் வண்டியை ஓரங்கட்டிட்டு எறங்கிடுவான். ஐம்பது பேர் ரோட்டுல நிப்பாங்க. நான் என்ன செய்ய?"

தீதி என் பக்கம் திரும்பினார்.

"கிளம்பு. உனக்காக பஸ் நிக்க வேண்டாம். அப்புறம் கை தட்டுவாங்க."

நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கோட்டுக்குள் எலும்புதான் இருந்தது. காதருகில், அடுத்த தடவை இரண்டு நாள் இருக்கிற மாதிரி வா என்றார். வருகிறேன் என்றேன். அப்படி ஒன்று இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். கையை ஆட்டவில்லை அவர். எலுமிச்சையை மூக்கருகே பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தார்.

பஸ்ஸில் ஏறியதும் அந்தத் தடவையும் கை தட்டினார்கள்.

என் கணவர் பஸ்ஸின் நடுவழியில் நின்றுவிட்டார். யாரிடமும் குரல் உயர்த்தாதவர், அவர்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சரியான வங்காள வார்த்தை கிடைக்கவில்லையோ என்னவோ, வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்த டாக்டரம்மாள்தான் பின்னால் திரும்பிக் கையமர்த்தினார். பஸ் நகர்ந்தது. ஏரி கொஞ்ச தூரம் கூடவே வந்து, அப்புறம் கட்டடங்கள் மறைத்துவிட்டன.

"இறங்கிடலாமா?" என்று கேட்டார் கணவர்.

நான் பதில் சொல்லும் முன்பே எழுந்து முன்னால் போய் மேனேஜரிடம் பேசினார். திரும்பி வந்து சொன்னார். அப்படி நடுவில் விட்டுப் போனால் ஆள் ஓடிவிட்டதாகத் தூதரகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்குமாம். இந்த ஜென்மத்தில் மறுபடி விசா கிடைக்காது. பையனுக்கும் ஆபீஸ் வேலையாக வெளிநாடு போவதில் சிக்கல் வரலாம். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மீதி வழியெல்லாம் முன்சீட்டில் பாட்டுக்குப் பாட்டு நடந்தது.

அதன் பிறகும் பயணம் பாக்கி இருந்தது. இத்தாலியில் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரி எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டார். ஒருநாள் காலையில் அவராகவே வந்து, என் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தார். நான் தடுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் தீதி பழையபடி போன் செய்தார். காசுந்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்வதாகவும், உப்பு கூடாது என்று பெண் ஒளித்துவைப்பதாகவும் சொன்னார். லூசெர்னைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசவே இல்லை. பிறகு போன் ஒருநாள் வந்தது, இரண்டு நாள் வரவில்லை. எங்கள் சந்தில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்த சமயம், மத்தியானத்தில் போன் அடித்தது. தீதி என்று நினைத்து எடுத்தேன். பெண் பேசினாள். அம்மா போய்விட்டாள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டைத் திறந்து, ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். கணவர் தேடிக்கொண்டு வந்தார்.

குளிர்காலத்தில் அஸ்தியைக் கங்கையில் கரைக்க அவள் வந்தாள். எங்கள் வீட்டில்தான் தங்கினாள். முதல் நாள் சாப்பிடும்போது, நான் கேட்காமலேயே அந்த நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

அரை நாள் என்று சொல்லியிருந்தோம் அல்லவா, அதனால் தீதி என்னை வீட்டுக்கே கூட்டிப்போவதாக இருந்திருக்கிறார். முதல் நாள் நான் போனில் சாயங்காலமாகலாம் என்று சொன்ன பிறகும் நம்பிக்கையை விடவில்லை. காலையில் எழுந்து, நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, பாகற்காய் போட்ட சுக்தோவும் கசகசாக் கூட்டும் சமைத்திருக்கிறார். நான் சைவம் என்று வெங்காயம்கூடச் சேர்க்கவில்லை. தன் அறையில் கட்டிலை ஓரமாகத் தள்ளச் சொல்லி, தரையில் மெத்தை விரித்து, இரண்டு தலையணை போட்டு வைத்திருக்கிறார். அந்த ஊரில் யாரும் தரையில் படுக்க மாட்டார்கள், அம்மாவுக்கோ தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, ஆனாலும் போடச் சொன்னாள் என்றாள்.

"திரும்பி வந்து சாப்பாட்டைத் தொடல. அந்த மெத்தையை நான் மடிக்கப் போனேன். இருக்கட்டும்னு சொல்லிட்டா. நாலஞ்சு நாள் அப்படியே கிடந்துச்சு காகிமா."

என் கணவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அப்போது எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை பாபுகாட் படித்துறைக்குப் போனோம். புரோகிதர் மந்திரம் சொல்ல, அவள் தண்ணீரில் இறங்கிக் கலசத்தைக் கவிழ்த்தாள். ஆற்றில் நீர் இறங்கிக்கொண்டிருந்த நேரம். சாம்பல் கொஞ்ச நேரம் கரையோரமாகவே நின்று, பிறகு போயிற்று. மேலேறி வந்து ஈரச் சேலையோடு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து அவள் அழவில்லை.

"அன்னிக்கு நேரம் கிடைச்சிருந்தா அம்மாகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. சும்மா பக்கத்துல இருக்கணும்னுதான் வந்தேன்."

அவள் என் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. ஈரம் என் சேலைக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் புரோகிதர் வந்து, அடுத்த குடும்பம் காத்திருக்கிறது, இடத்தைக் கொஞ்சம் விட வேண்டும் என்றார். என் கணவர் அவரைத் தோளில் கைபோட்டு அப்பால் அழைத்துக்கொண்டு போனார். நாங்கள் எழுந்திருக்கவில்லை.